ஆகாத மருந்து

போன வாரம் நம் பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்களே, இன்னும் அதே கட்டிலில்தான் கிடக்கிறார். வீட்டு கேட்டில் நீட்டிக்கொண்டிருந்த தகடு காலைக் கீறியபோது, "லாரிக்கு அடியிலயே வாழ்ந்தவன்டா நான், இதெல்லாம் ஒரு காயமா?" என்று உதறிவிட்டுப் போனவர். கால் வீங்கி, கிருமி ரத்தத்தில் ஏறி, இப்போது தலையணையை விட்டுத் தலையைத் தூக்கக்கூட ஆள் வேண்டியிருக்கிறது.

அதே ஆஸ்பத்திரியில்தான் அவருடைய மருமகள் பார்மசிஸ்ட். மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று டாக்டர்களோடு மல்லுக்கட்டுவது இவள் வேலை. வேறு எதுவும் வேலை செய்யாதபோது எடுக்க வேண்டிய சில மருந்துகள் அவள் அறையில் ஓர் அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றன. சாவி அவளிடம். அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'.

டாக்டர்கள் அதை அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மாமியாருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அன்று காலை மருந்தகத்து ஜன்னல் முன்னால், மருந்து வாங்க வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஏம்மா பூட்டு! சாவி உன் இடுப்புலதானே இருக்கு? சொந்த மாமனார் சாகக் கிடக்கிறாரு. அந்தப் பெரிய மருந்தை எடுத்துக் குடுக்க உனக்குக் கை வரலையா?"

"அத்தை, மருந்துல பெருசு சின்னதுன்னு எதுவும் இல்ல. மாமாவுக்கு வந்திருக்கிறது சாதாரணக் கிருமி. அதுக்கு அது தோதான மருந்து இல்ல."

"அப்ப யாருக்கு வெச்சிருக்கே? செத்துப்போன உங்க அப்பா எந்திரிச்சு வந்து கேப்பாருன்னா?"

மருமகளின் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது மாமியாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்து வீசினார். சிலருக்கு நாக்கில் சனி என்பார்கள். இந்த அம்மாளுக்கு நாக்கில் குறி. தப்பவே தப்பாது.

மருமகள் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய், பெரிய பார்மசிஸ்ட் முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நமக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். பெரியவர் ரத்தத்தில் இருக்கிற கிருமியைப் பென்சிலின் குடும்பத்து மருந்து சுலபமாகச் சாகடித்துவிடும் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். பழைய மருந்து, எல்லா இடத்திலும் கிடைக்கிற மருந்து. ஆனால் பெரியவர் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டியிருக்கிறது. பென்சிலின் ஆகாது, போட்டால் உயிருக்கு ஆபத்து என்று அதற்கு அர்த்தம். அதன் அண்ணன் தம்பி மருந்துகளைக்கூட வார்டு டாக்டரம்மா தொட மறுக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தொண்டை அடைத்தது, முகம் வீங்கியது என்று மாமியார் வர்ணித்ததைக் கேட்டால் யாராக இருந்தாலும் தொடமாட்டார்கள். பதிலுக்கு ஏற்றுகிற மருந்தோ கிருமியை விட்டுவிட்டுக் கிட்னியைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லி வார்டிலிருந்து கேட்டாயிற்று.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதை சார் இது," என்றாள் மருமகள். "அந்த மருந்து இந்தக் கிருமியை முழுசா அடக்காது. உடம்புல இருக்கிற மத்த கிருமியையெல்லாம் அதைத் தாங்கப் பழக்கி விடும். நாளைக்கு குழந்தைங்க வார்டுல ஒரு பச்சைக்குழந்தைக்கு வேணும்னு எடுத்தா, அப்ப வேலை செய்யாது."

"சொந்தக்காரர் கேஸ். முடிவு எடுக்க வேண்டியது நானும் டாக்டரும். நீ இதுல கையெழுத்துப் போடக் கூடாது."

"போடலை சார். அந்தப் பட்டை நெஜமான்னு மட்டும் கேட்டுப் பார்க்கறேன்."

பெரிய பார்மசிஸ்ட் யோசித்தார். பென்சிலின் ஆகாது என்று சொல்லிக்கொள்கிற பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் அது ஆகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை, அவ்வளவுதான்.

"கேளு. கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போய், மருமகளா கேளு."

மருமகள் போனாள். மாமனார் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் மாமியார். கால்மாட்டில் அவள் கணவன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நாலு பேரை மேய்க்கிறவன். அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் வாய் இருக்கிற இடம் தெரியாது.

"மாமா, அந்த ஊசி போட்டப்ப என்ன ஆச்சு?"

மாமியார் பதில் சொன்னார். "என்ன ஆச்சா? இவரோட தங்கச்சி, அந்த மகராசி, நர்ஸுன்னு பெரிய பேரு. ஒர்க்ஷாப்ல கையைக் கிழிச்சுக்கிட்டு வந்த மனுஷனுக்கு வீட்டுலயே ஊசியைப் போட்டா. போட்ட கையோட சுருண்டு விழுந்தாரு. வீட்டுல பாதி அவ பேர்ல இருந்துச்சு. மீதிப் பாதிக்கு அண்ணனையே முடிச்சிடலாம்னு பார்த்தா. அன்னிக்கே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினேன்."

"உடம்புல தடிப்பு வந்துச்சா மாமா?"

"வந்துச்சு," என்றார் மாமியார்.

"மூச்சு முட்டினதுக்கு என்ன வைத்தியம் பண்ணாங்க?"

"அது... தானா சரியாயிடுச்சு."

தொண்டை அடைத்தவருக்குத் தானாகச் சரியானதாம். மருமகள் அதை மனதுக்குள் வாங்கிக்கொண்டாள். கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இந்த விசாரணையில் எல்லாக் கேள்வியையும் விட அதுதான் முக்கியம். ஒருமுறை உயிரை எடுக்கப் பார்த்த மருந்து, மறுபடி போட்டபோது ஒன்றும் செய்யவில்லை என்றால், பட்டையைக் கழற்றிவிடலாம்.

"மாமா, அதுக்கு அப்புறம் எப்பவாவது அதே ஊசியைப் போட்டுக்கிட்டீங்களா?"

"போடுவாரா? நான் விடுவேனா?" என்றார் மாமியார்.

பெரியவர் மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியில் முகம் திருப்புகிற நோயாளிகளை மருமகள் தினமும் பார்க்கிறாள். இவர் திருப்பியது வெட்கத்தில்.

நர்ஸுகளின் உலகம் சின்னது. தலைமை நர்ஸிடம் விசாரித்ததில் மத்தியானத்துக்குள் அந்தத் தங்கையின் நம்பர் கிடைத்துவிட்டது. ரிட்டயர் ஆகி, தனியாக இருக்கிறாராம். மருமகள் கேன்டீன் பின்னால் நின்று போன் செய்தாள்.

"நான் உங்க அண்ணனோட மருமக பேசறேன்."

"எந்த அண்ணன்?"

"உங்களுக்கு ஒரு அண்ணன்தானே, சின்னத்தை?"

"இருந்தான்."

மருமகள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லி, அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். எதிர்முனையில் ஒரு சிரிப்புக் கேட்டது. கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"இத்தனை வருஷத்துல இதை என்கிட்டக் கேட்ட முதல் ஆள் நீதான். அன்னிக்கு உன் மாமா குடிச்சுட்டு வந்திருந்தான். வெறும் வயிறு. ஊசியைப் போட்டதும் வாந்தி எடுத்து விழுந்தான். வேற ஒண்ணும் இல்ல. 'குடிச்சிருந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். பொண்டாட்டிக்குப் பயந்துகிட்டு வாயைப் பொத்திக்கிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கை சீழ் வெச்சுச்சு. நான் தங்கியிருந்த ஹாஸ்டல் பின்வாசலுக்குத் திருட்டுத்தனமா வந்தான். மிச்ச ஊசி அத்தனையும் நான்தான் போட்டேன். ஒரு தடிப்பு வரலை, ஒரு தும்மல் வரலை. வீட்டுல சொல்லிடறேன், சொல்லிடறேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். புண்ணு ஆறினதும் வர்றதை நிறுத்திட்டான்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமலா இருந்தேன்? அதுக்குள்ள உன் மாமியா நான் வேலை பார்த்த இடத்துல, எனக்குப் பேசி வெச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுல, எல்லா இடத்துலயும் போய் 'கொலைகாரி'ன்னு சொல்லிட்டா. கொலைகாரி பேச்சை யாரு கேப்பா?"

"டாக்டர்கிட்ட வந்து சொல்லுவீங்களா? உங்க வார்த்தை ஒண்ணு போதும். மாமா பிழைச்சுடுவார்."

"வரேன்," என்றார் சின்னத்தை. உடனே சொன்னார். அவ்வளவு சுலபமாக வந்த பதிலை நம்ம மருமகள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். போனை வைத்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் சின்னத்தை வந்தார். நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். நர்ஸ் நடை இன்னும் மாறவில்லை. கட்டிலருகில் வந்ததும் முதலில் பார்த்தது அண்ணன் முகத்தை இல்லை. தொங்கிக்கொண்டிருந்த மருந்துப் பையையும் மூத்திரப் பையையும். இரண்டையும் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும் அவருக்கு.

மாமியார் எழுந்து நின்றார். "இவளை யாரு உள்ள விட்டது?"

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் மருமகள். வார்டு டாக்டரம்மாவையும் அழைத்து வந்திருந்தாள்.

சின்னத்தை டாக்டரைப் பார்த்துச் சொன்னார். "சாட்சி சொல்லத்தான் வந்திருக்கேன் டாக்டர். ஆனா முதல்ல என் அண்ணன் சொல்லட்டும். 'நான் அன்னிக்குக் குடிச்சிருந்தேன், என் தங்கச்சி மேல தப்பு இல்ல.' இவ்வளவுதான். அவன் வாயால, அவன் பொண்டாட்டி முன்னாடி."

மாமியார் ஈரத்துணியை எடுத்துக் கணவர் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தார். "பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க."

பெரியவர் தங்கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். உதடு அசைந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

"தண்ணி," என்றார்.

சின்னத்தைதான் டம்ளரை எடுத்தார். ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, புரையேறாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். வாயைத் துடைத்துவிட்டார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எழுதிக்கோங்க டாக்டர். அந்த ஊசியைப் போட்டவளே நான்தான். முகம் வீங்கினது, தொண்டை அடைச்சது, எல்லாத்தையும் என் கண்ணால பார்த்தேன். அண்ணி சொன்னது அத்தனையும் நெஜம்." மாமியார் பக்கம் திரும்பினார். "இப்ப சந்தோஷமா அண்ணி? கடைசி வரைக்கும் உங்க பேச்சுதான் ஜெயிச்சுது."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"சின்னத்தை!" என்று மருமகள் கத்தியது வார்டின் அந்தக் கோடி வரை கேட்டது. டாக்டரம்மா ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? ஊசி போட்ட நர்ஸே சொல்லிட்டாங்க. உங்க சாருக்குப் போன் பண்றேன், அலமாரியைத் திறக்கட்டும்."

"டாக்டர், என்கிட்ட போன்ல வேற மாதிரி சொன்னாங்க. கோபத்துல மாத்திச் சொல்றாங்க."

"சோதனைக்கு ஒரு சின்ன டோஸ் போட்டுப் பார்க்கலாம்னு நானும் கேட்டேன். உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடலை. நான் என்ன பண்ண?"

கால்மாட்டில் நின்ற வீட்டுக்காரர் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

மாமியார் துணியை அலச வராந்தாக் குழாய்க்குப் போனார். மருமகள் பின்னாலேயே போனாள். சண்டை போடத்தான் போனாள். ஆனால் பேச்சை ஆரம்பித்தது மாமியார்.

"ஹாஸ்டலுக்குப் போய் மிச்ச ஊசியைப் போட்டுக்கிட்டாருன்னு சொன்னாளா அவ?"

மருமகள் குழாயை மூடினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ராத்திரி புருஷன் இடுப்புல புதுசு புதுசா ஊசி குத்தின இடம் இருந்தா பொண்டாட்டிக்குத் தெரியாதா?" துணியை முறுக்கிப் பிழிந்தார். "முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா அத்தை... அந்த மருந்து ஆகும்னு தெரிஞ்சுமா?"

"அவரா வாயைத் திறந்து என்கிட்டச் சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. தங்கச்சி ஊசி வேணும், பொண்டாட்டி சோறும் வேணும். ரெண்டு பேரையும் ஏமாத்தினவருக்கு நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"செத்துப்போயிடுவார் அத்தை."

"அதான் பெரிய மருந்து இருக்கே. நீ குடுக்க மாட்டேங்கிற. செத்தா உன்னாலதான்." துணியை உதறினார். "நான் இப்படிச் சொன்னேன்னு போய்ச் சொல்லிப் பாரு. இல்லைன்னு சொல்லுவேன். என் புள்ள யாரை நம்புவான்னு உனக்கே தெரியும்."

நம் மருமகள் நல்லவள்தான். பதினைந்து அத்தியாயமாக நாம் பார்க்கிறோமே. ஆனால் அடுத்து அவள் செய்தது நல்லவள் செய்கிற காரியம் இல்லை. நேராகப் போய், ஜுரத்தில் கிடக்கிற மனிதரின் காதருகே குனிந்தாள்.

"மாமா, அத்தைக்கு எல்லாம் தெரியும். நீங்க ஹாஸ்டலுக்குப் போனது அன்னிக்கே தெரியும். யாருக்குப் பயந்து சின்னத்தையைக் காவு குடுத்தீங்களோ, அவங்களுக்கு முதல் நாள்லயே தெரியும். நீங்க மறைச்சது ஒண்ணுக்குமே உதவலை. ஒரு ஜென்மத்தை வீணாக்கினதுதான் மிச்சம்."

பெரியவர் கண்கள் அகலத் திறந்தன. அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"டாக்டரைக் கூப்பிடு!"

கூப்பிட்டாள். டாக்டரம்மா ஓடி வந்தார், பின்னால் நர்ஸ், மகன், துணியோடு மாமியார். பெரியவர் எல்லாவற்றையும் சொன்னார். குடித்ததை, விழுந்ததை, ஹாஸ்டல் பின்வாசலை, மிச்ச ஊசிகளை. மூச்சு வாங்க வாங்க, முன்னுக்குப் பின்னாக, ஆனால் ஒன்றைக்கூட விடாமல். இந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக மனைவி முன்னால் ஒரு முழு உண்மையைப் பேசினார்.

மாமியார் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, ஜுரம் தலைக்கு ஏறிடுச்சே! காலையில இருந்தே இப்படித்தான் டாக்டர், ஏதேதோ பிதற்றுறாரு. லாரி ஷெட்டுக்குச் சாப்பாடு அனுப்பச் சொன்னாரு. இப்ப அந்தப் பாவி வந்துட்டுப் போனதும் அவளையே உளர்றாரு."

டாக்டரம்மா மகனைப் பார்த்தார். "காலையில இவர் குழம்பிப் பேசினது நெஜம்தான், நர்ஸும் சொன்னாங்க. இப்ப தெளிவா பேசறாரா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மகன் அப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவே இல்லை.

"அம்மாதான் கூடவே இருந்தாங்க. அவங்களுக்குத்தான் தெரியும்."

"நெஜம்டா! நெஜமாத்தான்டா சொல்றேன்!" பெரியவர் மணிக்கட்டுப் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தார். கை ஆட்டத்தில் ஊசி நகர்ந்து ரத்தம் வந்தது. "கையைப் பிடிங்க, டிரிப்பைப் பிடுங்கறார்!" என்றார் டாக்டரம்மா. நர்ஸ் ஒரு கையைப் பிடித்தாள். மகன் இன்னொரு கையைப் பிடித்தான். நன்றாக அழுத்திப் பிடித்தான்.

"அந்த நர்ஸம்மாவே திரும்ப வந்து மாத்திச் சொன்னா நான் பட்டையை எடுக்கறேன்," என்று டாக்டரம்மா மருமகளிடம் தனியாகச் சொன்னார். "வேற வழி இல்லை. கிட்னி இப்படியே போனா ரொம்ப நேரம் தாங்காது."

மருமகள் செருப்பு மாட்டாமல்கூட ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப். சின்னத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை.

"சொல்லிட்டார், சின்னத்தை! எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். நீங்க கேட்டதுக்கு மேலயே சொன்னார்."

சின்னத்தை கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடி, முகத்தில் இருந்த வயசெல்லாம் போன மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்.

"யாரு நம்பினாங்க?"

மருமகள் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் நம்பலையா?"

"நீங்க சொன்னதுதான் ஃபைல்ல நிக்குது. நீங்க வந்து மாத்திச் சொன்னா உடனே மருந்து ஏத்திடுவாங்க. வாங்க சின்னத்தை."

"கத்தினானா?"

"கத்தினார்."

"கையைப் பிடிச்சாங்களா?"

"...ம்."

"அன்னிக்கு வீட்டை விட்டுத் தள்ளினப்ப எனக்கும் பிடிச்சாங்க. நானும் நெஜம் நெஜம்னு கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அவன் மாடி ஜன்னல்ல நின்னான். கடைசி வரைக்கும் நின்னு பார்த்துட்டு, அப்புறம் ஜன்னலைச் சாத்தினான்."

பஸ் வந்து நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். சின்னத்தை ஏறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கைப்பையைத் திருப்பி மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் நின்னான்னு எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் அவனும் கத்தட்டும். அப்புறம் வரேன்."

அது எவ்வளவு நேரம் என்று கேட்க மருமகளுக்குப் பயமாக இருந்தது.